பதிவு செய்த உயில்தானே என்று இருக்காதீர்கள், கடைசிப் பக்கத்தில் சாட்சி யாரென்று பாருங்கள்

"உயிலை ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, இனி யாரும் ஒண்ணும் செய்ய முடியாது" என்று நிம்மதியாக இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அம்மாவின் உயிலில் போட்டோ, கைரேகை, சார்பதிவாளர் முத்திரை எல்லாமே பளிச்சென்று இருக்கின்றன. அந்த உயில்தான் இன்று கோர்ட்டில் திணறிக்கொண்டிருக்கிறது.

அம்மா தன் பெயரில் இருந்த வீட்டைத் தங்கச்சிக்கு எழுதி வைத்தார். கணவனை இழந்து வந்து, கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். எனக்கு அதில் துளி வருத்தமில்லை. அண்ணனுக்கு இருந்தது.

மதுரைப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பத்திர எழுத்தர்தான் உயிலை எழுதினார். 18,000 ரூபாய் வாங்கினார். "முத்திரைத்தாளுக்கே எட்டாயிரம் ஆகுது சார்" என்றார். உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது, வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். பதிவுக் கட்டணத்துக்கு ரசீது வரும். அதற்கு மேல் கேட்பதெல்லாம் அவர் கூலி. சரி, பணம் போனது போகட்டும். பெரிய அடி வேறு.

"சாட்சிக்கு எதுக்கும்மா அலையணும், நம்ம பசங்க ரெண்டு பேர் இருக்காங்க" என்று அம்மாவிடம் சொல்லி, தன் கடையில் டைப் அடிப்பவரையும், டோக்கன் போட நிற்கும் ஒரு பெரியவரையும் கையெழுத்துப் போட வைத்தார். இருவருக்கும் முகவரி என்ற இடத்தில் அவர் கடை விலாசமே இருக்கிறது.

அம்மா போன பிறகு அண்ணன் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். அப்பா முன்பே காலமாகிவிட்டதால், உயில் நிற்காவிட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. எங்கள் வக்கீல் உயிலைக் கையில் வாங்கியதும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "யார் சார் இவங்க ரெண்டு பேரும்?"

விஷயம் இதுதான். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதி வைப்பவர் கையெழுத்துப் போட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பிறகு கோர்ட்டில் உயிலை நிரூபிக்க, அந்தச் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து வரக்கூடிய நிலையில் இருந்தால் கூண்டேற வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தில் 67. பதிவு செய்திருந்தாலும் உயிலுக்கு இதிலிருந்து விலக்கு இல்லை. பத்திர எழுத்தர் "எழுதியவர்" என்று போடும் கையெழுத்து மட்டும் சாட்சிக் கையெழுத்தாகிவிடாது.

டோக்கன் பெரியவர் இறந்துவிட்டார். டைப் அடித்தவர் வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டாராம். அவர் எங்கே என்று கேட்கப் போனபோதுதான் எழுத்தரின் சுயரூபம் தெரிந்தது. "வரவழைக்கலாம் சார், ஆனா அவனுக்கும் செலவு இருக்குல்ல" என்று ஆரம்பித்து ஐம்பதாயிரத்தில் வந்து நின்றார். கூடவே, "உங்க அண்ணனும் வந்துட்டுப் போனாரு" என்று ஒரு வார்த்தை. ஏலம் விடுகிறார் என்று புரிந்தது. சாட்சிக்குக் காசு கொடுத்தால் அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதால் வக்கீல் கோர்ட் மூலம் சம்மன் அனுப்பச் சொல்லியிருக்கிறார். வருகிறவர் "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை" என்று சொன்னால் வேறு ஆதாரங்களை வைத்து நிரூபிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது நீண்ட வழி.

எழுத்தர் இன்னொரு கோளாறும் பண்ணியிருக்கிறார். வேறு யாருடைய உயிலையோ எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அடித்திருக்கிறார். தாத்தா அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த வீடு, "நான் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய" வீடு ஆகிவிட்டது. அண்ணன் பெயரோ என் பெயரோ எங்குமே இல்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத உயில் என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான். சந்தேகத்துக்கு இடம் இருந்தால் அதைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டுகிறவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 1959இலேயே, வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது. "மூத்த மகனுக்குப் படிப்புக்கும் தொழிலுக்கும் செய்துவிட்டேன், அதனால் இதில் பங்கு வைக்கவில்லை" என்று ஒரு வரி போதும், பாதி வாதம் அடிபட்டிருக்கும்.

உங்கள் வீட்டிலும் பத்திர எழுத்தர் கடையில் வைத்து எழுதிய உயில் இருந்தால், எழுதியவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே எடுத்துப் பாருங்கள். சாட்சி யாரென்று தெரியாவிட்டால் புதிதாக எழுதிக்கொள்ளலாம்; கடைசியாக எழுதியதுதான் செல்லும். முந்தையதை ரத்து செய்கிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சாட்சிகள் எழுதுகிறவரைவிட வயதில் சின்னவர்களாக, ஊரில் நிரந்தரமாக இருப்பவர்களாக, வீட்டு முகவரியோடு இருக்கட்டும். குடும்ப டாக்டர் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது, சுயநினைவு பற்றிய கேள்விக்கும் அவரே பதில் சொல்வார்.

எழுத்தர் மீது மாவட்டப் பதிவாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். வழக்கு நடப்பதால் அவர் பெயரை இங்கே போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.