ஸ்ட்ராட் கிட்டாரின் இரைச்சல்: காப்பர் டேப்பா, நாய்ஸ்லெஸ் பிக்கப்பா, ஹம்பக்கரா?

ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) போல, சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும், காந்தமும் ஒற்றைச் சுருளும் கொண்ட பாகம்) வைத்த கிட்டாரை வாங்கியவர்கள் எல்லோரும் என்றைக்காவது இந்தக் கேள்வியில் வந்து மாட்டிக்கொள்வார்கள். கிளீன் சேனலில் வாசிக்கும்வரை ஒன்றும் தெரியாது. ஆம்பில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, கூட்டியதும் 'உம்ம்ம்' என்று ஆரம்பித்துவிடும். யோசனை கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம். காப்பர் டேப் ஒட்டு என்பார் ஒருவர், பிக்கப்பையே கழற்றி மாற்று என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரிதான், ஆனால் வெவ்வேறு இரைச்சலுக்கு. நம்முடையது எது என்று பார்க்காமல் செலவு செய்வதில்தான் பணம் போகிறது.

அதைப் பிரித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். கிட்டார் வால்யூமை முழுதாகத் திறந்துவிட்டு, கம்பிகளைத் தொடாமல் கேளுங்கள். இப்போது உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வையுங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால், குறைந்த அந்தப் பங்கு மின்புலத்தால் வருவது. 'ஜ்ர்ர்' என்று கீச்சாக இருக்கும். சுற்றியுள்ள வயர்களிலிருந்து உங்கள் உடம்பு அதை வாங்கிக் கிட்டாருக்குள் தள்ளுகிறது. கம்பிகள் கிரவுண்டோடு இணைந்திருப்பதால் தொட்டதும் அடங்குகிறது. அடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் ஏறி, இன்னொரு திசையில் கிட்டத்தட்ட காணாமல் போகும் கனத்த 'உம்ம்' இருக்கிறதே, அது காந்தப்புலம். ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர், பெடல் அடாப்டர், சுவருக்குள் ஓடும் மெயின் வயர் எல்லாம் அதற்குக் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 50-ம் அதன் மடங்குகளும் அதில் இருக்கும்.

கையோடு அறையையும் சோதித்துவிடலாம். டிரையாக் (மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும் பாகம்) வைத்த ஃபேன் ரெகுலேட்டரை 2-லோ 3-லோ வைத்தால் கிட்டாரில் வரும் சத்தம் காது கூசும். ஃபேனை நிறுத்தினால் நின்றுவிடும். லேப்டாப்பில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வழியாக வாசிப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் ஊகம். கம்பியைத் தொட்டால் 'சுள்' என்று ஷாக் அடிக்கிறதா? அப்படியானால் பிக்கப் பேச்சையே விடுங்கள், முதலில் பிளக் பாயின்டில் எர்த்திங் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஹம் (அந்த 'உம்ம்' இரைச்சல்) குறைகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை விட்டுவிட்டு வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் வேலை அது.

இன்னும் இரண்டு பழுதுகள். கம்பியைத் தொட்டாலும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால், பிரிட்ஜுக்கோ (கம்பிகள் வந்து முடியும் உலோகப் பாகம்) பின்னால் உள்ள ஸ்பிரிங் கிளாவுக்கோ (ஸ்பிரிங்குகளை மாட்டும் தகடு) போகும் கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கலாம். தொட்டால் சத்தம் கூடுகிறதென்றால், ஜாக்கில் ஹாட்டும் (சிக்னல் வரும் முனை) கிரவுண்டும் இடம் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் பத்து நிமிட சால்டரிங் வேலை.

இதெல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் இருக்கிறது என்றால்தான் ஒப்பீடு தொடங்குகிறது.

ஷீல்டிங் இருப்பதிலேயே மலிவு. பிக்கப், கன்ட்ரோல் குழிகளிலும் பிக்கார்டின் (முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தகடு) உள்பக்கத்திலும் காப்பர் டேப் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு இணைப்பது. கண்டக்டிவ் பெயின்ட் அடிப்பது சுலபம், ஆனால் எனக்குப் பிடித்தது டேப்தான். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று உடனே தெரியும். டேப் வாங்கும்போது பசை மின்சாரத்தைக் கடத்துமா என்று பாருங்கள். கடத்தாத பசை என்றால் ஒவ்வொரு துண்டும் தனித்தனித் தீவு, ஒட்டிய இடங்களில் எல்லாம் ஒரு சொட்டு ஈயம் வைத்து இணைக்க வேண்டும். ஜாக் குழியை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மறக்காமல் ஒட்டியவர்களுக்கு வேறு தொல்லை: பிளக்கைச் செருகியதும் ஜாக்கின் ஹாட் முனை பின்னால் வளைந்து டேப்பைத் தொட்டுவிடும், சுத்தமாகச் சத்தமே வராது. அந்த முனைக்கு நேராக மட்டும் டேப்பின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டால் போதும்.

ஷீல்டிங் 'ஜ்ர்ர்'ரை அடக்கும். 'உம்ம்'மை அசைக்கக்கூட முடியாது. அவ்வளவு மெல்லிய செம்புத் தகடு 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு ஒரு தடையே இல்லை. கிட்டாரைத் திருப்பினால் சத்தம் மாறுகிறது என்பவர் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் வீண்.

காந்தப்புலத்தை அடக்க ஒரே வழி, இன்னொரு காயில். அதே ஹம்மை எதிர்த்திசையில் வாங்கி, இரண்டையும் கூட்டினால் கழிந்துவிடும். மற்ற எல்லா வழிகளும் இந்த ஒரே உத்தியின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

அதில் இலவசமாக வருவது, நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைப்பது. ஃபெண்டர் 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டரைக் கொண்டுவந்தபோது மூன்று பிக்கப்பும் ஒரே மாதிரி, சுவிட்சிலும் மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் சுவிட்சை நடுவில் தொங்கவிட்டு இரண்டு பிக்கப்பைச் சேர்த்து வாசித்துப் பழகிவிட, 1977-ல் ஐந்து நிலை சுவிட்ச் கம்பெனியிலிருந்தே வரத் தொடங்கியது. தலைகீழ் நடு பிக்கப் இருந்தால், அது பக்கத்துப் பிக்கப்போடு சேர்ந்து ஒலிக்கும் 2, 4 நிலைகளில் ஹம் அடங்கும், டோனில் எந்த இழப்பும் இல்லை. பிக்கப் தனியாக ஒலிக்கும் 1, 3, 5-ல் பழைய கதைதான். இதற்காகச் சாதாரண நடு பிக்கப்பின் இரண்டு வயர்களை மட்டும் மாற்றிப் பற்றவைத்துப் பார்க்காதீர்கள். ஹம் அடங்கும், கூடவே கம்பியின் ஒலியும் பெரும்பாலும் கழிந்து தகரடப்பாச் சத்தம் வரும். காந்தமும் திரும்பினால்தான் கணக்கு சரியாகும்.

ஹம்பக்கர் இதையே ஒரு பிக்கப்புக்குள் செய்கிறது. கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955-ல் விண்ணப்பித்து, 1959-ல் காப்புரிமை கிடைத்த வடிவம். ஹம் விஷயத்தில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் ஸ்ட்ராட் ஒலியில் இருந்து ஹம்மை மட்டும் எடுத்துவிட்டால் ஹம்பக்கர் ஒலி வரும் என்று நினைக்கக் கூடாது. இரண்டு காயில்கள் கம்பியை இரண்டு இடத்தில் கேட்பதால் மேல் ஹார்மோனிக்ஸ் சில அங்கேயே கழிந்துவிடும். தொடராக இணைந்த காயில்களின் இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) கூடுவதால் ட்ரெபிளின் உச்சமும் கீழே இறங்கிவிடும். ஸ்ட்ராட்டின் 250கே பாட்டையே (வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள மாறு மின்தடை, 250 கிலோ ஓம்) விட்டுவைத்தால் ஒலி இன்னும் மந்தமாகும். 500கே போட வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் பாட் வாங்குகிறவர்கள் எழுத்தைப் பாருங்கள். ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் லாக் (காதுக்குச் சீராகக் கூடுவதுபோல் தெரிவது), பி என்றால் லீனியர் (மின்தடை சீராக மாறுவது). வால்யூமுக்கு ஏ500கே.

நான்கு வயர் ஹம்பக்கரில் இன்னொரு கண்ணிவெடி, நிறங்கள். பிக்கப் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர வேண்டும். டிமார்சியோவில் சிவப்பு ஹாட், பச்சை கிரவுண்ட், கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும். ஒன்றின் படத்தை வைத்து மற்றதைப் பற்றவைத்தால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான். காயில் ஸ்பிளிட் செய்து (இரண்டில் ஒரு காயிலை அணைத்து) ஸ்ட்ராட் ஒலி எடுக்கலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்பிளிட் செய்த கணமே ஒற்றைக் காயில், ஹம் திரும்பி வந்துவிடும்.

பி-90 பற்றியும் கேட்கிறார்கள். அது தடித்த ஒலி தருகிற சிங்கிள் காயில். ஸ்ட்ராட் பிக்கப்பைவிடச் சுற்றும் அதிகம், ஹம்மும் தாராளம். இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை.

நாய்ஸ்லெஸ் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு காயில்கள். கீழ்க் காயில் கம்பிக்குத் தூரமாக இருப்பதால் ஹம்மை முழுதாகவும் கம்பியைக் கொஞ்சமாகவும் கேட்கும். அந்தக் 'கொஞ்சம்' மேல் காயிலின் ஒலியில் இருந்து கழியும். ஒலிக்கு ஒன்றும் தராத காயில் இன்டக்டன்ஸை மட்டும் ஏற்றிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் காந்தத்தையும் சுற்றையும் மாற்றி இதை ஈடுகட்டுகிறார்கள், மேடையில் பேண்டோடு கேட்டால் வித்தியாசம் தெரியாது. வீட்டில் தனியாக, கிளீனாக வாசித்தால் ட்ரெபிளில் அந்தக் காற்று கொஞ்சம் குறைவாக இருப்பதாகவே எனக்குப் படுகிறது. மூன்று பிக்கப்புக்கும் கொடுக்கும் விலையை நினைத்தால் மனசு ஒப்பவில்லை.

நம்மைப் போல வீட்டில் கட்டுகிறவர்களுக்கு நாய்ஸ்லெஸ்ஸைவிட டம்மி காயில் சுவாரசியமானது. பழைய மலிவு பிக்கப் ஒன்றின் காந்தத்தை எடுத்துவிட்டு, குழிக்குள் ஒளித்து, எதிர் ஃபேஸில் (ஹம் எதிர்த்திசையில் வருமாறு) தொடராக இணைத்துவிட வேண்டியதுதான். கம்பியை அது கேட்காது, ஹம்மை மட்டும் கேட்கும். ட்ரெபிள் இங்கேயும் கொஞ்சம் மங்கும். குறைவான சுற்றில் பெரிய வட்டமாக, பின்பக்கக் குழியின் அளவுக்கே காயில் சுற்றினால் அந்த மங்கலும் குறையும். 2, 4 நிலைகளில் டம்மி விலகிக்கொள்ள வேண்டும் என்பதால் சுவிட்ச் வயரிங் மட்டும் தலைவலி.

இஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்கு (உள்ளேயே பெருக்கி வைத்தது) 9 வோல்ட் பேட்டரியும் 25கே பாட்டும் வேண்டும். மெட்டல் வாசிப்பவர் தவிர மற்றவர்களுக்கு நான் சொல்வதில்லை.

என்னைக் கேட்டால்: ப்ளூஸ், சினிமாப் பாட்டு, லேசான ஓவர்டிரைவ் வரை வாசிக்கிறவர் காப்பர் டேப் ஒட்டி, தலைகீழ் நடு பிக்கப் போட்டுக்கொண்டு, மிச்சத்தை வால்யூம் பாட்டைத் திருப்பிச் சமாளிக்கலாம். கெயின் நிறைய வேண்டும், ஆனால் ஸ்ட்ராட் ஒலியும் வேண்டும் என்பவர் பிரிட்ஜில் மட்டும் ஹம்பக்கர் போட்டு, 500கே பாட் வைத்து, மற்ற இரண்டு பிக்கப்பும் ஒலிக்கும்போது மட்டும் ஒரு 470கே ரெசிஸ்டர் வால்யூம் பாட்டுக்கு இணையாக வருமாறு சுவிட்சில் இணைத்துவிட்டால், அவற்றுக்குக் கிட்டத்தட்ட 250கே-தான் தெரியும். நாய்ஸ்லெஸ் செட்டை நான் சொல்வது ஒரே ஆளுக்கு: பழைய டிம்மர் விளக்குகள் நிறைந்த மேடையில், நிற்கும் இடத்தை மாற்ற வழியில்லாமல், மூன்று பிக்கப்பையும் தனித்தனியே பயன்படுத்தி வாரா வாரம் வாசிக்கிறவருக்கு.