நொதியம் போட்ட சலவைத்தூள்: நுவரெலியாக் குளிரில் மூன்று மாதம்

கொழும்பில் இருப்பவர்கள் இதைப் படிக்கத் தேவையில்லை, அந்த வெக்கையில் இந்தத் தூள் தானாகவே வேலை செய்துவிடும். நான் எழுதுவது எங்களைப் போல் காலையில் வாளித் தண்ணீரில் கை வைக்கப் பயப்படுகிறவர்களுக்கு. பக்கெட்டின் பெயர் வேண்டாம், நொதியம் (என்சைம்) சேர்த்தது என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிற எந்தத் தூளுக்கும் இது பொருந்தும். நான் வாங்கியது வழக்கமாக வாங்குவதைவிட 200 ரூபாய் கூட.

முதல் வாரம் அந்த 200 ரூபாய் தண்ணீரோடு போனது, தப்பு என்னுடையதுதான். ஜனவரிக் குளிர், பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி, அதனால் கேத்தலில் கொதித்ததை அப்படியே வாளியில் ஊற்றி, தூளைக் கொட்டி, சின்னவள் பால் கக்கிய சட்டைகளை அமுக்கி வைத்தேன். கறை போகவில்லை, இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது: நொதியமே ஒரு புரதம்தான். முட்டை வெள்ளைக்கரு வெந்தபின் பழையபடி ஆகுமா? அதே கதிதான் இதற்கும். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், ஆனால் நொதியத்தின் கதையை முடிக்க அது தாராளமாகப் போதும். பாலில் உள்ள புரதமும் சேர்ந்து வெந்து துணியில் பிடித்துக்கொண்டது.

சரி, அது எப்படித்தான் வேலை செய்கிறது? பால் கறையின் புரதம் தண்ணீரில் தானாகவும் உடையும், ஆனால் அதற்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் ஏற வேண்டிய மலை ஒன்று இருக்கிறது. பட்டிப்பொலைக்கும் ஒகியாவுக்கும் இடையில் ரயில் உச்சி ஏறாமல் சுரங்கத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறதே, நொதியம் செய்வதும் அதுதான். அதன் மடிப்புக்குள் ஒரு குழி இருக்கிறது, கறைப் புரதம் அதில் வந்து பொருந்தி, துண்டாகி வெளியேறும், நொதியம் கொஞ்சமும் குறையாமல் அடுத்ததைப் பிடிக்கும். ஊக்கி என்று சொல்வது இதனால்தான், ஒரு சிட்டிகை போதும் என்பதும் இதனால்தான். சாப்பாட்டைச் செரிக்க வைக்க நம் வயிற்றிலும் குடலிலும் நடப்பது இதே வேலை. 1913இல் ஜெர்மனியில் ஒட்டோ ரோம் என்பவர் துணி துவைக்க முதலில் எடுத்ததே மிருகங்களின் கணையத்தில் இருந்த நொதியத்தைத்தான். இப்போது பக்டீரியாவை வளர்த்து எடுக்கிறார்கள்.

குளிரில் நொதியம் சாகாது, சோம்பிப்போகும். 10 பாகை குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் நான் இப்போது கை பொறுக்கிற சூட்டில் தண்ணீர் கலந்து, வாளியை மூடி, இரண்டு மணி நேரம் விட்டுவிடுகிறேன். சுடுதண்ணீர் இல்லாத நாளில் இராத்திரி முழுக்க ஊறட்டும். பால், முட்டை, இரத்தம், கஞ்சி எல்லாம் தேய்க்காமலே போகிறது, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறி எண்ணெய் பரவாயில்லை. மஞ்சள் போகாது, அதை வெயிலில் காயப்போட்டால் வெளுக்கும், வெயில் வந்தால்.

கோபம் ஒன்று இருக்கிறது. கம்பளிக்கும் பட்டுக்கும் போடக்கூடாது என்று பக்கெட்டின் பின்பக்கம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, தமிழில் அந்த வரியே இல்லை. கம்பளியும் புரதம், பட்டும் புரதம், நொதியத்துக்குக் கறை எது ஸ்வெட்டர் எது என்று தெரியாது. வீட்டுக்கு வீடு ஸ்வெட்டர் தொங்குகிற ஊரில் விற்கிற சாமானில் எழுத வேண்டிய முதல் வரி அதுதானே? என் ஸ்வெட்டரின் முழங்கை நாலைந்து சலவைக்குள் மெலிந்து, இப்போது வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது.

அம்மாவின் தேயிலைக் கொழுந்துக் கறையில் தூள் முழுசாகத் தோற்றது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குக்கு மேலே சட்டைக் கையில் படிகிற அந்தப் பழுப்பு இருக்கிறதே, அது இன்னொரு நொதியம் செய்த வேலை. கொழுந்து நசுங்கியதும் இலைக்குள் தனித்தனியாக இருந்த சாறும் நொதியமும் கலந்து, காற்றிலிருக்கும் ஒட்சிசனோடு சேர்ந்து பழுப்பாகிறது, பெக்டரியில் அரைத்த கொழுந்து செம்பு நிறமாக மாறுவதும் அப்படித்தான். சூடான காற்றில் காயவைப்பது அந்த நொதியத்தை நிறுத்தத்தான். பக்கெட்டில் இருப்பவை புரதத்தையும் மாப்பொருளையும் கொழுப்பையும் வெட்டத் தெரிந்தவை, தேயிலைச் சாயம் அவற்றின் குழியில் பொருந்தாது.

அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். "அவ்வளவு படிச்ச தூளுக்கு இந்தக் கறை தெரியலையா?" என்று கேட்டுவிட்டு, பழைய கட்டிச் சவர்க்காரத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்விட்டார். பிள்ளைச் சட்டைகளுக்கு மட்டும் இரண்டாவது பக்கெட் வாங்கியிருக்கிறேன், சின்னது.