டயர் ஆயிலுக்குத் தாமிர மணி: மூட்டைக் கணக்கு இடிக்கிறது

கும்மிடிப்பூண்டி, தடா பக்கத்து டயர் ஆயில் (பழைய டயரைச் சூடாக்கி எடுக்கும் எண்ணெய்) ஆலைகளுக்கு 25 கிலோ மூட்டையில் விற்கப்படும் சரக்கு இது: தாமிரம் ஏற்றிய ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிமம்), 2 மில்லிமீட்டர் உருண்டை மணிகளாக. எண்ணெயில் உள்ள தயோஃபீன் வகை (வளைய வடிவ) கந்தகச் சேர்மங்களைத் தாமிரம் பிடித்துக்கொள்ளும். சுத்திகரிப்பு ஆலைகளில் கந்தகம் நீக்குவதுபோல ஹைட்ரஜன் வேண்டாம், 350 டிகிரி சூடும் வேண்டாம். அதில் பொய்யில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் யாங் குழு 2003-லேயே காட்டிய வழிதான்.

கணக்குதான் இடிக்கிறது. ஒரு கிராம் மணி 10 மில்லிகிராம் கந்தகம் பிடிக்கும் என்கிறது மூட்டை. டயர் ஆயிலில் சுமார் 1 சதவீதம் கந்தகம், லிட்டருக்கு 9 கிராம் சொச்சம். அப்படியானால் ஒரு மூட்டை 27 லிட்டரோடு தீர்ந்தது! 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) கந்தகமுள்ள டீசலென்றால் அதே மூட்டை 850 லிட்டர் வரை தாங்கும். அதுவும் ஏட்டுக் கணக்கு. டயர் ஆயிலில் உள்ள அரோமாட்டிக், ஒலிஃபின், நைட்ரஜன் சேர்மங்களும் அதே தாமிரத்துக்குத்தான் போட்டி போடும். பங்க் டீசல் 2020 ஏப்ரலிலிருந்தே 10 பிபிஎம். அதற்கு இது தேவையே இல்லை.

பெரிய எதிரி ஈரம். பழவேற்காட்டு உப்பங்காற்றில் மூட்டையைத் திறந்து போட்டால் மணி நீலம் பூக்கும்; தாமிரம் கெட்டு, நீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெயிலும் தண்ணீரை முதலில் பிரித்துவிடுங்கள். மணிகளை நிரப்பி எண்ணெய் விடும் டவரின் உள்விட்டம் மணியின் விட்டத்தைப் போல் 10 மடங்காவது இருக்கட்டும், உயரம் விட்டத்தைப் போல் 5 மடங்கு. குறைந்தால் எண்ணெய் சுவரோரமாக வழிந்து தப்பிவிடும். கீழிருந்து மேலே ஏற்றுங்கள், காற்றுக்குமிழி தங்காது. டவரில் 10 லிட்டர் அளவு மணிகள் இருந்தால், ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர் எண்ணெய் விட்டால் போதும்.

தீர்ந்த மணியை ‘சூடாக்கினால் புதுசு’ என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. காற்றில் 350 டிகிரியில் கந்தகம் எரிந்து போகும் (புகையைக் காஸ்டிக் சோடாக் கரைசல் தொட்டி வழியாக விடாவிட்டால் அக்கம்பக்கம் இருமும்). பிறகு மந்த வாயுவில் 450 டிகிரி வைத்தால்தான் தாமிரம் பழைய நிலைக்குத் திரும்பும். சாதாரண ஓவனில் நடக்காது.

விற்பவர் தாமிரப் பட்டையை எண்ணெயில் முக்கி, கறுக்கவில்லை என்று காட்டுவார். டைபென்சோதயோஃபீன் (தயோஃபீன் வகைக் கந்தகச் சேர்மம்) நிறைய இருந்தாலும் பட்டை கறுக்காது. நாற்றம் போவதும் அப்படித்தான், மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் மட்டும் போயிருக்கும். மூட்டைக்குப் பணம் கட்டுமுன் உள்ளே போகும் எண்ணெய், வெளியே வரும் எண்ணெய் இரண்டையும் எக்ஸ்ரே முறையில் மொத்தக் கந்தகம் பார்க்கச் சொல்லுங்கள்.