ஏழு பனிக்காலம், ஒரு கூடாரம், ஒரு பைனாகுலர்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து கெஸ்விக்குக்கு மாறியது வீட்டு விலைக்காகத்தான், ஏரிக்காக இல்லை. சிம்கோ ஏரியின் தெற்கு மூலையில் குக்ஸ் பே என்று ஒரு குடா, அதன் கரையில் இருக்கிறது ஊர். முதல் ஜனவரியில் ஒரு காலை கரைக்குப் போய்ப் பார்த்தால், தண்ணீர் இருந்த இடத்தில் ஒரு குடியிருப்பே முளைத்திருந்தது. உறைந்த ஏரிக்கு மேல் குடில்கள், ஸ்கிடூ என்ற பனி மோட்டார் வண்டிகள், கவிழ்த்த வாளிகளில் குந்தி ஐஸ் துளைக்குள் மீன் பிடிக்கும் மனிதர்கள். அடுத்த கிழமையே நானும் ஒரு வாளி வாங்கினேன். இது ஏழாவது பனிக்காலம். முதல் இரண்டும் மீன் மட்டும், மூன்றாவதில் இருந்து பறவையும் சேர்ந்துகொண்டது. வாங்கிய சாமான்களில் எது உழைத்தது, எது சும்மா கிடக்கிறது என்று ரொறன்ரோ நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கூடாரத்தில் தொடங்குகிறேன், அதிகம் காசு போனது அதற்குத்தான். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த, பக்கங்களை வெளியே இழுத்தால் டப்பென்று விரிகிற வகை. இரண்டு நிமிடத்தில் எழும்பிவிடும். சின்ன புரொப்பேன் ஹீட்டர் ஒன்றை வைத்தால் வெளியே மைனஸ் 18 என்றாலும் உள்ளே சட்டையோடு இருக்கலாம், இருட்டுக்குள் ஐஸ் துளை மட்டும் பச்சையாக ஒளிரும், அதைப் பார்த்துக்கொண்டே மத்தியானம் போய்விடும். குறை என்ன? உள்ளே இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மூன்றாவது வருடம் ஒரு நாள் தலைக்கு மேலே விசில் அடித்த மாதிரி ஒரு சத்தம் போனது, ஸிப்பைத் திறந்து தலையை நீட்டுவதற்குள் ஆகாயம் காலி. பக்கத்தில் வாளியில் இருந்த கிழவர் சிரித்தார். கோல்டன்ஐ வாத்தாம், பறக்கும்போது சிறகே விசில் அடிக்குமாம். அவர் எட்டை எண்ணியிருக்கிறார், நான் ஒன்றைக்கூடக் காணவில்லை. அன்றிலிருந்து காற்று பலமாக இல்லாவிட்டால் கூடாரம் வண்டியிலேயே கிடக்கும். இப்போது பனிக்காலத்துக்கு நாலைந்து தடவை விரித்தால் அதிகம்.

விரிக்கிற நாட்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, நான்கு மூலையையும் ஆணியால் ஐஸில் முடுக்காமல் ஹீட்டரையோ கதிரையையோ உள்ளே கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு ஆணி போட்டுவிட்டு கோப்பி எடுக்கத் திரும்பினேன், கூடாரம் கிழக்குப் பக்கமாக உருண்டு போக, நான் பின்னால் ஓட, இரண்டு ஸ்கிடூக்காரர்கள் மறித்துப் பிடித்துத் தந்தார்கள். இன்னொன்று, காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு சேர்ந்தால் கத்தும் அலாரம். காற்று அடிக்கிறது என்று ஒருநாள் மேல் சாளரத்தை மூடிவிட்டேன், கால் மணி நேரத்தில் அது கத்தத் தொடங்கிவிட்டது. முப்பது நாற்பது டொலர் சாமான்தான், ஆனால் ஹீட்டர் வாங்குகிறவர் அதையும் சேர்த்தே வாங்க வேண்டும். இதில் பேச்சே இல்லை.

பைனாகுலர் 8×42, அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது. பத்து மடங்கு வாங்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள், வாங்காதது நல்லது. தடித்த கையுறையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு பிடிக்கும்போது பத்து மடங்கில் பறவையை விட நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். ஐந்தாவது வருடம் கண்ணில் வைக்கிற ரப்பர் வெடித்தது, கம்பனி மாற்றித் தர நான்கு மாதம் இழுத்தடித்தது, பனிக்காலம் முடிந்து மார்ச்சுக்குப் பிறகு அது வந்து சேர்ந்ததில் என்ன பிரயோசனம்? மற்றபடி கண்ணாடி இன்னும் தெளிவு. அதைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். புரொப்பேன் எரிந்தால் நீராவி வரும், அது குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, வெளியே எடுத்தவுடன் உறைந்துவிடும். வெளியே, சாமான் இழுக்கும் ஸ்லெட்டில் குளிரிலேயே கிடக்கட்டும்.

ஓகர், ஐஸில் துளை போடும் அந்தத் திருகாணி, 6 அங்குலக் கைத்திருகி போதும். பெற்றரி ஓகர் வைத்திருப்பவர் பார்த்துச் சிரிப்பார், ஆனால் முப்பது சென்ரிமீற்றர் ஐஸுக்கு ஒரு நிமிடம்தான், உடம்பும் சூடாகும். கரையோரத்தில் ஒருமுறை ஓகரின் வெட்டும் அலகு மணலில் தட்டினால் அந்த வருடம் முழுக்கச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான், பட்டறிவு.

எல்லாவற்றிலும் அதிகம் உழைத்தது என்றால் ஊரில் அலவாங்கு என்போமே, அதே மாதிரி ஒரு இரும்புத் தடி. நடக்கும்போது முன்னால் குத்திக் குத்திப் போவது. தெளிவான கறுப்பு ஐஸ் பத்து சென்ரிமீற்றராவது இருந்தால்தான் ஒரு ஆள் நடக்கலாம், பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸ் என்றால் அதன் பலம் பாதிதான், இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். இதே ஏரியில் பரி நகரப் பக்கம் உள்ள கெம்பன்ஃபெல்ட் பே 40 மீற்றர் ஆழம், ஆறி உறையப் பிந்தும். நம்முடைய குடா ஆழம் குறைவு, முதலில் உறைந்துவிடும். ஒரே ஏரிதானே என்று நம்பிப் போகக் கூடாது. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து ஒவ்வொரு கிழமையும் கேட்பார், "தம்பி, தண்ணிக்கு மேலயோ நிண்டு மீன் பிடிக்கிறாய்?" என்று. ஐஸ் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்குக் கழுத்தில் இரண்டு ஐஸ் ஆணியும் மாட்டியிருப்பதைச் சொன்னால் அவருக்கு இன்னும் பயம் கூடும் என்று சொல்வதில்லை.

பறவைக்கு வருவோம். நான்காவது வருடம் பெப்ரவரி, ஐஸ் நெருக்கி எழும்பிய ஒரு மேட்டில் யாரோ வெள்ளை வாளியைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு மீன் பிடித்தேன். பிறகு வாளி தலையைத் திருப்பியது! பனி ஆந்தை. மஞ்சள் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, காற்று வந்த பக்கம் முதுகைக் காட்டி அப்படியே இருந்தது. ஆர்க்டிக்கில் இருந்து வருகிற பறவை, மரமே இல்லாத வெட்டவெளியில் வளர்ந்ததற்கு உறைந்த ஏரி சொந்த ஊர் மாதிரித்தான் இருக்கும். கிட்டப் போகவில்லை. எழுப்பிவிட்டால் அதற்குச் சக்தி வீண், அதோடு படம் எடுக்கிறவர்கள் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். அதனால் இடத்தை யாருக்கும் சொல்வதில்லை, உங்களுக்கும்தான்.

தினமும் வருவது சிக்கடி என்ற சின்னக் குருவிதான். கரையில் இருக்கும் சீடர் மரத்தடியில் கறுப்புச் சூரியகாந்தி விதையைக் கையில் வைத்து அசையாமல் நின்றால் விரலில் வந்து குந்தும், ஐந்து சத நாணயம் மூன்றின் பாரம், பாரமே இல்லை, நகம் மட்டும் குறுகுறுக்கும். இந்தக் குருவிதான் இரவில் உடம்புச் சூட்டைப் பத்துப் பாகை வரை குறைத்துக்கொண்டு விடிய எழும்பி வருகிறது. எங்கள் வீட்டில் ஹீட்டர் பில்லைப் பார்க்கும்போது அதைத்தான் நினைப்பேன்.

மீன் என்றால் பேர்ச் என்ற நன்னீர் மீன். உரிமம் எடுத்தால் ஒரு ஆளுக்கு நாளைக்கு 50 வரை, நான் பதினைந்துக்கு மேல் கொண்டுபோவதில்லை, சுத்தம் செய்கிறதும் நான்தான். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புப் பிரட்டிப் பொரித்தால் போதும். கடல்மீன் தவிர வேறெதையும் மீன் என்று ஒத்துக்கொள்ளாத என் மாமியாரே இரண்டாம் தரம் கேட்டார். லிங் என்ற வழுவழுப்பான மீன் பட்டால் பக்கத்துக்காரர் தருவார். அது நன்னீரில் வாழும் கொட் இனம், குழம்புக்கு அருமை, அவருக்கு அதன் முகம் பிடிக்காது.

2024 பனிக்காலத்தில் ஐஸ் சரியாகப் பிடிக்கவில்லை. குடில்காரர்களுக்குப் பெரிய நட்டம். நான் கரையில் நின்று திறந்த தண்ணீரில் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த வருடம் பைனாகுலர் மட்டும்தான் உழைத்தது.

கூடாரத்தை விற்றுவிடலாம் என்றேன். மனைவி விடவில்லை. காற்று அடிக்கும் நாட்களில் அவர் உள்ளே இருந்துகொண்டு என்னைவிட அதிகம் பேர்ச் பிடிக்கிறார், நான் வெளியே ஆந்தை தேடுகிறேன்.