சரிவுக் கானும் முதுகு மெசினும்: சில வருட அனுபவம்

சாலையோரத்தில் செங்குத்தான கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடுகிற வடிகால், இருக்கிறவர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகில் மாட்டுகிற புல்வெட்டும் மெசின் வாங்குங்கள், தோளில் வாரோடு தொங்கும் நேர்த்தண்டு மெசின் வேண்டாம். சமதரையில் அந்த நேர்த்தண்டுதான் வேகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் வைத்து நிற்கிற இடத்தில், பின்முனையில் இருக்கிற இன்ஜின் மேட்டில் இடிக்கும், உடம்பைத் திருப்பினால்தான் பிளேடு திரும்பும், அப்படித் திருப்பும்போதுதான் கால் வழுக்கும். முதுகு மெசினில் கையில் இருப்பது வெறும் குழாய். வளைகிற கேபிள் வழியாகச் சுழற்சி போவதால் நின்ற இடத்தில் நின்றுகொண்டே சரிவை இடமும் வலமுமாக எட்டிப் பிடிக்கலாம்.

எங்கள் நிலம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். ஒரு காலத்தில் ரப்பர், இப்போது எதிர்ப்பக்கம் முழுக்கச் செம்பனை. குன்றை வெட்டித் தோட்டம் போட்ட பழைய செம்மண் பாதைதான் பிறகு தார் பூசிக்கொண்டது, வெட்டுப்பட்ட பக்கத்தில் நாங்கள். வேலியிலிருந்து கானின் அடிவரை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இறக்கம், கானைத் தாண்டினால் உடனே சாலை. ஏப்ரல், மேயிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை பிடித்தால் மேட்டுத் தண்ணீர் மொத்தமும் இந்தக் கானில்தான் இறங்கும். கான் தண்ணீர் அடியில் போக வாசலில் போட்ட கல்வெர்ட் குழாய் அடைத்துக்கொண்டால் அடுத்து கார் நிற்கிற இடம்தான்.

அரசாங்கம் வெட்டாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மாநிலச் சாலைகளைப் பராமரிக்க மத்திய அரசு தருகிற பணம் மாரிஸ் என்கிற சாலைப் பதிவேட்டில் ஏறிய சாலைகளுக்குத்தான் வரும். எங்கள் சாலை தோட்டத்துப் பாதையாகப் பிறந்தது, அந்தப் பதிவேட்டில் இல்லை. தோட்டத்தைக் கேட்டால் கவுன்சிலைக் கைகாட்டுகிறார்கள், கவுன்சிலைக் கேட்டால் தோட்டத்தை. மனு போட்டு வைத்திருக்கிறோம், புல் அதற்காகக் காத்திருக்கவா போகிறது?

மெசின் வாங்கியது 2020-ல், எம்சிஓ என்ற கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்த நேரம். வழக்கமாக வெட்ட வருகிறவர் வர முடியாமல் கான் காடாகிவிட்டிருந்தது. ஏறக்குறைய 30 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், விலை ஆயிரம் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. அதே உருவத்தில் பாதி விலைக்கும் கிடைக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் அப்படி ஒன்று வாங்கி, கிளட்சும் கார்புரேட்டரும் மாற்றி மாற்றி, "தம்பி, பேசாம உன்னோடதையே வாங்கியிருக்கலாம் லா" என்றார். உருவம் ஒன்றாக இருப்பதால் உதிரிப் பாகங்கள் பாதிக்கு மேல் ஒன்றுக்கொன்று பொருந்தும், அது ஒரு வசதி. அதற்காகவாவது ஊரில் எல்லாரும் வைத்திருக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பெயர் கேள்விப்படாத மாடல் வாங்கினால் ஒரு சின்ன ரப்பர் டயஃப்ரத்துக்காக ஈப்போ வரை அலைய வேண்டும்.

இந்த மெசினின் உயிர் அந்த வளைகிற கேபிள்தான். கடைக்காரர் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். குழாயைக் கழற்றி உள்ளே இருக்கிற கேபிளை உருவி எடுத்தால் பழைய கிரீஸ் கறுத்து, மண்ணோடு சேர்ந்து பசையாக ஒட்டியிருக்கும். டீசல் நனைத்த துணியால் அதை முழு நீளத்துக்கும் இழுத்துத் துடையுங்கள். துடைக்கும்போது தடித்த கையுறை போட்டு மெதுவாக உருவினால், இழை எங்காவது அறுந்திருந்தால் அந்த இடத்தில் துணி மாட்டும். ஓர் இழை மாட்டினாலே புதுக் கேபிள் வாங்கிவிட வேண்டியதுதான். முழு வேகத்தில் அறுந்தால் உள்உறையைக் கிழித்துக்கொண்டு போகும், செலவு இரட்டை. எதுவும் மாட்டவில்லை என்றால் புது கிரீஸை மெல்லிசாகத் தடவி உள்ளே விடுங்கள், அப்பிவிடக் கூடாது, அதிகமானால் சூட்டில் உருகி கைப்பிடிப் பக்கம் வழியும். வேலை செய்யும்போதும் கேபிளைக் கூர்மையாக மடக்காதீர்கள், காலடியில் இருக்கிற புல்லை வெட்ட ஆசைப்படும்போதுதான் அது மடங்கும். இரண்டடி பின்னால் போய் நின்று வெட்டினால் முடிந்தது.

எண்ணெய்க் கலவைக்கு மெசினோடு வருகிற சின்னப் புத்தகத்தையும் எண்ணெய்ப் புட்டியையும் பாருங்கள். என்னுடையதற்கு 25-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் ரோன்95 பெட்ரோலுக்கு 40 மில்லி டூடி (2T, டூ ஸ்ட்ரோக்) எண்ணெய். கொஞ்ச நாள் வெட்ட மாட்டோம் என்றால் டாங்கியைக் காலி செய்து, இன்ஜின் தானாக அணைகிற வரை ஓட விடுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற மெசின்களில் பாதிக்கு மேல் பழைய பெட்ரோல் கோளாறுதான் என்று எங்கள் ஊர் மெக்கானிக் சொல்வார்.

இனி கானை வெட்டுகிற விதம். சரிவின் நடுவில் ஏறி நிற்கவே கூடாது. கீழ்ப்பாதியைக் கானின் அடியில் நின்று மேல்நோக்கி எட்டியும், மேல்பாதியை வேலியோரம் நின்று கீழ்நோக்கி எட்டியும் வெட்டினால் நடுவில் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பிளேடு கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது, அதனால் வலமிருந்து இடமாக வீசினால் வெட்டுப்பட்டது இடப்பக்கம் ஒழுங்காக விழும். பிளேடின் முன்வலப் பக்கம் கல்லிலோ அடிமரத்திலோ பட்டால் குழாய் மொத்தமும் வலப்பக்கம் எகிறும். ஆகவே கல்வெர்ட் சிமெண்ட் பக்கத்தில் எப்போதும் பிளேடுக்குப் பதில் நைலோன் கயிறுதான், லாலாங் புல்லுக்கும் விரல் பருமன் செடிகளுக்கும்தான் பிளேடு. கயிறு காய்ந்து நொறுங்கினால் முந்தின இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள், நைலோன் தண்ணீரை இழுத்து மென்மையாகும், அதிக நேரம் தாங்கும்.

காலுக்குக் கம்போங் அடிடாஸ். ஆமாம், அந்தப் பத்துப் பதினைந்து வெள்ளி கறுப்பு ரப்பர்க் காலணிதான். ஈரமான செம்மண்ணில் அதன் குமிழ்கள் பிடிக்கிற பிடி விலையுயர்ந்த பூட்ஸுக்கு வராது. ஆனால் பிளேடுக்கு அது காகிதம் மாதிரி, முழங்கால் வரை தடித்த காப்பு கட்டாயம். கானில் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். கீறலோடு இருக்கிற நாளில் நான் கானுக்குள் இறங்குவதே இல்லை.

குளவிக் கூடு பாம்பைவிடப் பயம். பாம்பு சத்தம் கேட்டு நகர்ந்துவிடும், குளவி சத்தம் கேட்டால்தான் கிளம்பும். லாலாங் அடர்ந்த இடத்தில் கல்லைப் போட்டுப் பார்த்து, ஏதாவது பறக்கிறதா என்று கொஞ்சம் நின்று பார்த்த பிறகே இன்ஜினை இழுப்பேன். அப்புறம், வெட்டும்போது 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று புத்தகத்தில் இருக்கிறது. சாலையில் மோட்டார் வந்தால் அந்த 15 மீட்டர் எங்கே? வண்டி கடந்து போகிற வரை வேகத்தைக் குறைத்து, மெசினின் வெட்டும் தலையை மேட்டுப் பக்கம் திருப்பி நிற்பேன்.

வெட்டுவது வேலையில் பாதிதான். வெட்டிய புல் கானில் விழுகிறது, அன்றைக்கே வாரி எடுக்காவிட்டால் முதல் மழையில் கல்வெர்ட் வாயில் போய் அடைத்து நிற்கும். வாருகிற வேலைக்குத்தான் இரண்டாவது ஆள் வேண்டும். தூக்கிப் போட்ட டின்னும் புட்டியும் அப்போதுதான் கண்ணில் படும், அதில் தேங்கிய தண்ணீரில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு நெளியும்.

களைக்கொல்லி மருந்து அடித்தால் ஒரே வேலையாக முடியுமே என்பவர்களுக்கு: சரிவில் வேண்டாம். கிளைபோசேட் வேர் வரை போய்க் கொல்லும், வேர் செத்த சரிவு அடுத்த பெருமழையில் கானுக்குள் உட்காரும், பிறகு புல்லை விட்டுவிட்டு மண்ணை அள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அம்மா தோட்டத்தில் மருந்து அடித்தவர், பாராகுவாட் பட்டு நகம் கறுத்து உதிர்ந்ததை இன்றைக்கும் காட்டுவார். அந்த மருந்தை நிறுத்தப்போவதாக அரசாங்கம் 2002-ல் சொல்லி, 2006-ல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1-ல்தான் முழுத் தடை வந்தது. "டேய், மருந்து டின்னோட வாசப்படி ஏறாதே" என்பது அம்மாவின் சட்டம், அதற்கு மேல் எனக்கு வேறு சட்டம் தேவையில்லை.

அதனால் தரையோடு சிரைக்காமல் ஒரு சாண் விட்டு வெட்டுகிறேன். மண் விரிசல் காட்டுகிற இரண்டு இடத்தில் மட்டும் சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் நட்டிருக்கிறேன், அரை அடிக்கு ஒரு தூர். நம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் பி. கே. யூன் என்பவர் 1990 வாக்கில் இதை நட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார், வேர் நேர்கீழாக இரண்டு மூன்று மீட்டர் இறங்கும் செடி. முதல் வருடம் நோஞ்சானாக நின்றது, எதிர்த் தோட்டத்திலிருந்து சாலையைத் தாண்டி வருகிற கொடி அதன்மேல் ஏறிவிடாமல் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்த இரண்டு இடத்திலும் மண் நகரவில்லை.

மெசினின் குறையையும் சொல்லிவிடுகிறேன். முதுகு வேகும். காலை பதினொன்றுக்கு மேல் மாட்ட முடியாது. மாட்டிக்கொண்டே ஸ்டார்ட் செய்வது தோளுக்கு ஆகாது, தரையில் வைத்துக் கிளப்பிவிட்டுத்தான் தூக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வழுக்கினால் சட்டென்று கழற்றி எறிய முடியாது, கைக்கு எட்டுகிற நிறுத்து சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் அழுத்திப் பாருங்கள். இடுப்பு வலி உள்ளவர்கள் ஆள் வைத்து வெட்டிக்கொள்வதே மேல்.

என்னுடையதில் இப்போது கிளட்ச் டிரம் மட்டும் உறுமுகிறது. தீபாவளிக்கு விருந்தாளிகள் வருவதற்குள் ஒரு முறை வெட்டியாக வேண்டும், அதற்குள் டிரம்மை மாற்றிவிடப் பார்க்கிறேன்.