நெஞ்சும் முதுகும் சோடி: இரண்டு வருடம் செய்து பார்த்த பிறகு

கிளிநொச்சியில் ஏ9 வீதிப் பக்கம் ஒரு சின்ன ஜிம்முக்கு இரண்டு வருடமாகப் போய் வருகிறேன். முதலில் ஒவ்வொரு பயிற்சியையும் தனித்தனியாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன். அப்படிச் செய்தால் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும், அதில் பாதி பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் நேரம். வீடு பரந்தன் தாண்டி என்பதால் கிழமையில் இரண்டு நாளாவது போகாமல் விட்டுவிடுவேன்.

அப்புறம்தான் இரண்டு பயிற்சிகளைச் சோடி சேர்த்து மாறி மாறிச் செய்யத் தொடங்கினேன். பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து பாரத்தை மேலே தள்ளுவது) 8 தடவை, ஒரு நிமிட ஓய்வு, டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது) கைக்குப் பத்து, திரும்ப ஒரு நிமிடம், மறுபடி பெஞ்ச். முதுகு இழுக்கிற நேரத்தில் நெஞ்சு ஆறுகிறது. கணக்குப் பார்த்தால் நெஞ்சுக்கு ஏறக்குறைய மூன்று நிமிட ஓய்வு கிடைத்துவிடுகிறது, ஆனால் நான் சும்மா இருந்தது இரண்டே நிமிடம். அதே வேலை இப்போது 55 நிமிடத்தில் முடிகிறது. ஓய்வே எடுக்காமல் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பாயக்கூடாது, அப்படிப் பாய்ந்தால் தசை களைக்கும் முன்பே மூச்சு வாங்கி, தூக்கும் கிலோ குறைந்துவிடும்.

மூன்றாம் மாதம் ஒரு பிழை விட்டேன். தரையில் கிடக்கும் பாரத்தைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டையும், குனிந்து நின்று பாரக் கம்பியை வயிற்றுப் பக்கம் இழுக்கும் பார்பெல் ரோவையும் சோடி சேர்த்தேன். ஒன்று காலுக்கு, மற்றது முதுகுக்கு என்று நினைத்திருந்தேன். மூன்றாவது செட்டில் (சுற்றில்) 80 கிலோவைத் தூக்கும்போது முதுகு வளைந்து நாரி (கீழ்முதுகு) பிடித்துக்கொண்டது, பத்து நாள் குனிய முடியவில்லை. பக்கத்தில் பயிற்சி செய்யும் அண்ணை ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, ரெண்டுக்கும் ஒரே நாரிதானே வேலை செய்யுது?” கைப்பிடியும் அப்படித்தான். டெட்லிஃப்டோடு, கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்அப் சேர்த்தாலும் முதுகு களைக்க முன்பே விரல்கள் விட்டுவிடும்.

அன்றிலிருந்து சோடி போடும்போது நான் பார்ப்பது தசையின் பெயரை மட்டும் இல்லை, நாரியும் கைப்பிடியும் இரண்டிலும் மாட்டுப்படுகிறதா என்றும் பார்க்கிறேன். தோளுக்கு மேலே தள்ளும் பிரஸ்ஸுக்கு, மேலே இருக்கும் கம்பியைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுன் நன்றாகப் பொருந்துகிறது, மேல்கையின் முன்பக்க பைசெப்ஸுக்குப் பின்பக்க டிரைசெப்ஸ், காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷனுக்குக் காலை மடக்கும் லெக் கேர்ள். பாரமான ஸ்குவாட்டும் (பாரத்தோடு குந்தி எழுவது) டெட்லிஃப்டும் தனியாகத்தான், செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் முழுதாக எடுத்து. அதில் நேரம் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

சிரமமும் உண்டு. பின்னேரம் ஆறு மணிக்குக் கூட்டம், அந்த நேரத்தில் ஒருவரே இரண்டு மெஷினைப் பிடித்து வைத்திருப்பது சரியில்லை. அதனால் ஒரு பெஞ்ச், ஒரு சோடி டம்பெல், இரண்டு பயிற்சியும் அங்கேயே. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஓய்வை ஒன்றரை நிமிடமாக்கிவிடுவேன், ஒன்றரை லீற்றர் தண்ணீர் போத்தல் முடிந்துவிடும். மாசியில் அரிவு வெட்டு என்று மூன்று கிழமை நின்றுவிட்டுத் திரும்பிய ஒவ்வொரு முறையும் கிலோவைக் குறைத்துத்தான் தொடங்கினேன்.

பெஞ்ச் 45 கிலோவிலிருந்து 70க்கு வந்திருக்கிறது. தனித்தனியாகச் செய்திருந்தாலும் அது கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் நெஞ்சு செய்யும் நாளெல்லாம் முதுகும் சேர்ந்து நடப்பதால் முன்பு முன்னால் கூனிக்கிடந்த தோள் இப்போது நிமிர்ந்திருக்கிறது, இது எனக்குப் பெரிய விஷயம். போகாமல் விடும் நாளும் மாதத்துக்கு ஒன்று இரண்டுதான்.