பத்திரச் செலவு 9 சதவீதமா, 6 சதவீதமா, வருஷ வரியா? மனை வாங்குகிறவர் பக்கமிருந்து ஓர் அலசல்

மதுரை ஊமச்சிகுளம் பக்கம் ஒரு மனைக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்த தங்கச்சி மாப்பிள்ளை, பத்திர எழுத்தர் கிறுக்கிக் கொடுத்த துண்டுச் சீட்டை என்னிடம் நீட்டினார். வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு, 30 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2,70,000 ரூபாய்.

"முன்னாடி 11 சதவீதமாமே மச்சான், இப்ப குறைச்சிருக்காங்கள்ல?"

குறைத்த மாதிரிதான் தெரியும். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் இறக்கிவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய இடத்துக்கே ஏற்றி, கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 2017க்கு முன் 30 லட்சம் மதிப்பிருந்த ஒரு மனையை வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது தீர்வை 7, கட்டணம் 1, ஆக 8 சதவீதம், 2,40,000. நடுவில் மதிப்பு 20,10,000 ஆகிவிட்டதால் 11 சதவீதம் போட்டும் 2,21,100தான். மதிப்பை ஏற்றியபின் 2,70,000. விகிதம் இறங்கிய அன்றுதான் செலவு ஏறியது. அதனால், யார் எந்தச் சீர்திருத்தம் சொன்னாலும் நான் சதவீதத்தைக் கேட்பதில்லை, எந்த மதிப்பின் மேல் என்றுதான் கேட்பேன்.

2024 ஜூலை பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் (நம்ம மதுரையில் பிறந்தவர்தான்), முத்திரைத் தீர்வை அதிகமாக உள்ள மாநிலங்கள் அதைக் குறைக்க ஊக்குவிப்போம், பெண்கள் வாங்கினால் இன்னும் குறைப்பது பற்றியும் யோசிக்கலாம் என்றார். விகிதத்தை முடிவு செய்வது மாநிலம் என்பதால் அது யோசனையோடு நின்றது. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சத்துக்குள் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. அதிகபட்ச மிச்சம் 10,000 ரூபாய். கிராமத்துப் பக்கம் சின்ன மனை வாங்குகிறவருக்கு உதவும். என் தங்கச்சி பெயரில் பதிந்தாலும் 30 லட்சம் மனைக்கு ஒன்றும் கிடைக்காது.

கொஞ்ச நாளைக்கு மட்டும் குறைப்பது இன்னொரு வழி. 2020 செப்டம்பரில் மும்பையில் 5 சதவீதத்தை 2 ஆக்கினார்கள், டிசம்பரில் பதிவு குவிந்தது. அடுத்த வருஷம் வாங்க இருந்தவர் முன்கூட்டியே வாங்கினார். சரி, 2021 மார்ச்சோடு சலுகை முழுசாக முடிந்தபின் வந்தவர்? அவருக்குப் பழைய விகிதம்தான்.

எனக்குப் பிடித்தது படிநிலை, அதாவது மதிப்பு கூடக்கூட விகிதமும் கூடுவது. அது ஏற்கெனவே இங்கே இருக்கிறது, ஆனால் மனைக்கு இல்லை. புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரிலிருந்து, 50 லட்சம் வரை கட்டணத்தோடு சேர்த்து 6 சதவீதம், 3 கோடி வரை 7, அதற்கு மேல் 9. மாப்பிள்ளை மனைக்கு இது வந்தால் 1,80,000. தொண்ணூறாயிரம் மிச்சம், ஒரு போர்வெல் போட்டுவிடலாம்! ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. விகிதத்தை முழுத் தொகைக்கும் போட்டால் 50 லட்சத்துக்கு 3 லட்சம், 51 லட்சத்துக்கு 3,57,000. ஒரு லட்சம் கூடியதற்கு 57,000 அதிகம் கட்ட யார் தயார்? எல்லாப் பத்திரமும் 49,90,000ல் வந்து நிற்கும். வருமான வரி மாதிரி, மேலே உள்ள தொகைக்கு மட்டும் மேல் விகிதம் என்று வைத்தால்தான் இது உருப்படும்.

பொருளாதாரம் படித்தவர்கள் பலர் விரும்புவது வேறு: வாங்கும்போது தீர்வையே வேண்டாம், நிலத்தின் மதிப்பில் வருஷா வருஷம் வரி. ஆஸ்திரேலியாவில் கான்பரா வட்டாரம் 2012ல் தொடங்கி, 20 வருஷத் திட்டமாக இப்படி மாறிவருகிறது. நியூ சவுத் வேல்ஸில் முதல் வீடு வாங்குகிறவருக்கு 2023 ஜனவரியில் இந்த விருப்பத்தைக் கொடுத்தார்கள், 400 டாலரோடு நில மதிப்பில் 0.3 சதவீதம். ஆட்சி மாறியது, ஜூன் முடிவில் மூடிவிட்டார்கள். அந்த 0.3ஐ மட்டும் இங்கே போட்டால் வருஷம் 9,000. மதிப்பு ஏறாமலே இருந்தால் 30 வருஷத்தில் 2,70,000. பத்து வருஷத்தில் விற்றுப் போகிறவருக்குக் கொண்டாட்டம்.

மதுரையில் நினைத்தால்தான் உதைக்கிறது. மாசி வீதிகளில் தாத்தா காலத்து வீடு, மேலே கோடிக்கணக்கில் மதிப்பு, உள்ளே பென்ஷன் மட்டும் வாங்கும் பாட்டி. வாங்காத நிலத்துக்கு அவர் வருஷம் தவறாமல் எதிலிருந்து கட்டுவார்? மதிப்பு போடுவது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. நம்ம மாநகராட்சியில் சில கட்டடங்களுக்குச் சொத்து வரியைச் சட்டவிரோதமாகக் குறைத்த விவகாரம் 2025ல் கைதுகள் வரை போனது. பத்திரச் செலவு கசந்தாலும் ஒரு தடவையோடு போகிறது. அதனால் இதை நான் படிநிலைக்கு அப்புறம்தான் வைப்பேன், அதுவும் புதிதாக வாங்குகிறவருக்கு மட்டும், அவர் விரும்பினால்.

"அப்ப அந்த 6 சதவீதம் மனைக்கும் வர்ற வரைக்கும் பதிவைத் தள்ளிப் போடலாமா மச்சான்?"

அக்ரிமெண்ட் மூன்று மாசத்துக்குத்தான். போய்ப் பதிந்துவிட்டு வாங்க மாப்பிள்ளை என்றேன்.